ஒரு கார்டு போனால் யந்திரமே போயிற்றா?

மடிக்கணினி ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகளின் மானேஜர்கள் கையில் மட்டும் காணப்பட்ட பொருள். இன்று அதுவே கல்லூரி மாணவியின் புத்தகப் பை. சிறு வியாபாரியின் பேரேடு. வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவரின் ஆபீஸ். தமிழ் நாட்டில் 2011-ம் ஆண்டு தொடங்கிய இலவசத் திட்டத்தின் மூலம் லட்சக்கணக்கான மாணவர்களின் வீட்டுக்கு முதல் மடிக்கணினி வந்து சேர்ந்தது. 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் சமர்ப்பித்த மாநில பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்போவதாக அறிவிப்பும் வந்தது. யந்திரம் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் யந்திரம் என்று ஒன்று வந்தால் அதற்குக் கோளாறு என்று ஒன்றும் வரத்தானே செய்யும்? அப்போது என்ன செய்வது என்பதைத்தான் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கோளாறுகளுக்குள் ஆளைத் திண்டாட வைக்கும் கோளாறு ஒன்று உண்டு. நேற்று இரவு வரையில் நன்றாக இருந்த யந்திரம், காலையில் திறந்தால் செவிடாகிவிடுகிறது. வைஃபை அடையாளத்தையே காணோம். புளூடூத்தும் கூடவே மறைந்துவிட்டது. மற்ற எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன: திரை ஒளிர்கிறது, எழுத்து விழுகிறது, பாட்டுப் பாடுகிறது. ஆனால் வெளி உலகத்தோடு பேச்சு வார்த்தை இல்லை. இந்நாளில் வெளி உலகத்தோடு பேசாத மடிக்கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாளைக் காலையில் பரீட்சை. இன்று மாலைக்குள் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். உடனே கடைக்கு ஓடுகிறோம்.

கடையில் நடப்பது

கடையில் நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, வைஃபை வரவில்லை. என்னவென்று பாருங்களேன்."

"எத்தனை வருஷத்து மிஷின், தம்பி?"

"நாலு வருஷம் ஆகிறது."

"போர்டு போயிருக்கும். போர்டு மாற்றினால் பத்தாயிரத்துக்குக் குறையாது. பழைய மிஷினுக்கு அவ்வளவு செலவு செய்வதா? பேசாமல் இதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்."

போர்டு போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். இரண்டில் எது என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்களே, அதுதான் நம் ஆட்சேபம். கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. யோக்கியமான தொழிலாளிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு முறை நடந்து பார்த்தவர்களுக்கு, ஒரு சின்னத் திருப்புளியை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத கம்பியைக் கூட ஒட்டிவிடும் கைகள் நம்மிடையே இருக்கின்றன என்பது தெரியும். ஆனால் சோதித்துப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. சாமானுக்குப் பணம் கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். ஆகவே கடைக்காரரும் சாமானையே விற்கிறார்.

என் கட்சி இதுதான்: இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பிரம்ம வித்தை அல்ல. பத்தாம் வகுப்புப் படித்த எவரும் அரை மணி நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம். மீதிப் பாதியைக் கை தேர்ந்தவரிடம் விடலாம். ஆனால் அந்த முதல் பாதியை நாமே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிச் செய்ய முடிகிற விதத்தில் யந்திரத்தைச் செய்து கொடுக்க வேண்டியது கம்பெனிகளின் கடமை. இந்த இரண்டும் இல்லாவிட்டால், மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகத்தான் முடியும்.

உள்ளே இருப்பது என்ன?

வைஃபையும் புளூடூத்தும் ஏதோ மாயம் அல்ல. இரண்டும் ரேடியோதான். நம் பாட்டனார் காலத்தில் 'கம்பியில்லாத் தந்தி' என்று சொன்னார்களே, அதன் பேரப் பிள்ளைகள். ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் 1895-ம் ஆண்டை ஒட்டிக் கல்கத்தாவில், சுவரைத் தாண்டிச் செல்லும் அலையைக் கொண்டு மணி அடித்துக் காட்டினார். அன்று அவர் சபையோரை வியக்க வைத்த அதே விஷயம்தான் இன்று நம் மடியில் இருக்கிறது.

மடிக்கணினியின் அடி மூடியைக் கழற்றினால், பெரும்பாலான மாடல்களில் ஒரு சிறு கார்டு தென்படும். அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 30 மில்லிமீட்டர். ஒரு தபால் தலை அளவு. எம்.2 என்று சொல்லப்படும் பள்ளத்தில் அது செருகப்பட்டிருக்கும். ஒரே ஒரு திருகாணி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபை ரேடியோ, புளூடூத் ரேடியோ இரண்டும் இந்த ஒரே கார்டில்தான் குடியிருக்கின்றன. கறுப்பாக ஒன்றும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ மற்றொன்றுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் அதன் தலையில் மாட்டப்பட்டிருக்கும். அவைதான் ஏரியல் கம்பிகள். பல மாடல்களில் கீலின் வழியாக ஏறித் திரையின் ஓரம் வரையில் அவை போகும். முன்னாளில் மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலை நட்டு ரேடியோவுக்கு ஏரியல் கட்டினார்கள் அல்லவா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்தான். ஆகவே விரல் நீளத்துக்கும் குறைந்த ஏரியல் இதற்குப் போதும். மூங்கிலுக்கு வேலை இல்லை.

இந்தக் கார்டு இருக்கும் இடத்தில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே வீட்டில் குடியிருந்தாலும் பல மாடல்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் வாசல் வேறு வேறு. வைஃபை, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற வழியாகப் போர்டோடு பேசுகிறது. புளூடூத், யு.எஸ்.பி. வழியாகப் பேசுகிறது. ஆகவே வைஃபை நன்றாக இருக்கும்போது புளூடூத் மட்டும் மறைந்துபோவதும் உண்டு. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து மறைந்தால் கார்டைச் சந்தேகி. ஒன்று மட்டும் மறைந்தால் முதலில் மென்பொருளைச் சந்தேகி. இது சட்டம் அல்ல. ஆனால் நல்ல வழிகாட்டி.

நாலு கேள்விகள்

வைத்தியர் நாடியைப் பிடித்த உடனே அறுவைக்குக் கத்தி எடுப்பதில்லை. கேள்வி கேட்கிறார். நாமும் வரிசையாக நாலு கேள்வி கேட்போம். வரிசைதான் முக்கியம், எளிய கேள்வி முதலில், செலவுள்ள கேள்வி கடைசியில்.

முதல் கேள்வி: குற்றம் நம் யந்திரத்திலா, வெளியிலா? அதே அறையில் உள்ள கைபேசியை அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் குற்றம் ரூட்டரிலோ இணைய கம்பெனியிலோ இருக்கிறது. மடிக்கணினியின் மேல் பழி வேண்டாம். 'இணைந்தது, ஆனால் இணையம் இல்லை' என்று திரையில் வந்தால் கார்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது என்று அர்த்தம். அது ரூட்டர் வரையில் போய்ப் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறது. புளூடூத் ஹெட்செட் பேசாவிட்டால், அது முன்பே கைபேசியோடு ஜோடி சேர்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல ஹெட்செட்டுகளுக்கு ஏக காலத்தில் இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்யத் தெரியாது.

இன்னொரு விஷயம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது லைசென்ஸ் இல்லாமல் எல்லோரும் புழங்கும் பொதுச் சாலை. வைஃபை அதில் போகிறது, புளூடூத் போகிறது, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் வேலை செய்கிறது. புளூடூத் ஒரு விநாடிக்கு 1,600 தடவை, 79 தடங்களுக்குள் மாறி மாறித் தாவிக் கூட்டத்திலிருந்து தப்பப் பார்க்கிறது. அப்படியும் சில சமயம் இடித்துக்கொள்கிறது. யு.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க்கின் இரைச்சல் பக்கத்திலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆகவே ஹார்டு டிஸ்க்கைச் செருகும்போது மட்டும் மவுஸ் தடுமாறினால் கார்டை மாற்ற ஓடாதீர்கள். டிஸ்க்கை வேறு துளையில் செருகிப் பாருங்கள். முடிந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்!

இரண்டாவது கேள்வி: யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா? சிரிக்காதீர்கள். விமானப் பயணிகளுக்கென்று வைத்த 'ஏரோபிளேன் மோடு' பொத்தான், விமானத்தைக் கண்ணால் கூடப் பார்க்காத எத்தனையோ பேரின் வைஃபையை அணைத்திருக்கிறது. பழைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு நகர்ந்திருக்கும். சில மாடல்களில் யந்திரம் விழிக்கும்போதே வரும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் வயர்லெஸ்ஸை மூடவும் திறக்கவும் இடம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, யந்திரத்தை உண்மையாகவே அணையுங்கள். 'உண்மையாகவே' என்று ஏன் சொல்கிறேன்? 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, 'ஷட் டவுன்' கொடுத்தால் பல யந்திரங்கள் முழுதும் அணைவதில்லை. சீக்கிரம் எழுந்திருப்பதற்காக அரைத் தூக்கம் தூங்குகின்றன. கார்டு ஏதோ ஒரு தவறான நிலையில் சிக்கிக்கொண்டிருந்தால், அந்த நிலையிலேயே மறுபடியும் விழிக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுக் குளியல். அதற்கும் மசியாவிட்டால், அணைத்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பாட்டரியானால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். காணாமல் போன வைஃபையும் புளூடூத்தும் இந்த ஒரே வைத்தியத்தில் திரும்பி வருவது உண்டு. பத்தாயிரம் ரூபாய்ப் போர்டுக்கும் 30 விநாடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி: கோளாறு மனத்திலா, உடலிலா? மென்பொருள் யந்திரத்தின் மனம்; கார்டு உடல். விண்டோஸில் 'டிவைஸ் மானேஜர்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் கார்டின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால், ஆள் வீட்டில் இருக்கிறார், எழுந்து வரவில்லை என்று பொருள். பெயரே இல்லாவிட்டால் ஆளே வீட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். பெயர் இருந்தால், மடிக்கணினி செய்த கம்பெனியின் தளத்திலிருந்தே அந்த மாடலுக்குரிய டிரைவரை எடுத்துப் புதிதாகப் போடுங்கள். வைஃபை இல்லாமல் எப்படி எடுப்பது? கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கடன் வாங்கலாம். ஆனால் 'உங்கள் டிரைவரை எல்லாம் நாங்களே சரி செய்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் ஊர் பேர் தெரியாத மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள். ஒன்று போக ஒன்பது வந்து சேரும்.

இங்கே ஒரு நிச்சயமான சோதனையைச் சொல்கிறேன். உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே யந்திரத்தை எழுப்பலாம். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடுவதில்லை. நிறுவாமல் முயன்று பார்க்கவே அதில் வழி இருக்கிறது. அங்கே வைஃபையும் புளூடூத்தும் வேலை செய்தால் கார்டு உயிரோடு இருக்கிறது; கோளாறு விண்டோஸில்தான். அங்கேயும் கார்டின் பெயரே பட்டியலில் வராவிட்டால், கோளாறு உடலில் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். மிகப் புதிய கார்டானால் புதிய பதிப்பு லினக்ஸாகப் பார்த்துச் சோதிக்க வேண்டும்; அது ஒன்றுதான் ஜாக்கிரதை. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பென் டிரைவ். இதைச் செய்து பார்க்காமல் 'போர்டு போச்சு' என்று சொல்கிறவரிடம், "இதைச் செய்து காட்டுங்கள், அண்ணே" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நாலாவது கேள்வி: உடலில் என்றால் கார்டிலா, கம்பியிலா, போர்டிலா? ரூட்டரின் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிறது, அடுத்த அறைக்குப் போனால் மறைந்துவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் ஏரியல் கம்பியின் மேல். புளூடூத்தும் பெரும்பாலும் தனி ஏரியல் வைத்துக்கொள்வதில்லை. வைஃபையின் ஏரியல் ஒன்றையே பகிர்ந்துகொள்கிறது. கம்பியின் முனையிலுள்ள குமிழ் கடுகை விடச் சற்றே பெரிது. யாரோ ஒருவர் திறந்து தூசி தட்டும்போது அது கழன்றிருக்கலாம். அல்லது ஆயிரம் தடவை திரையைத் திறந்து மூடியதில் கீலுக்குள் நைந்திருக்கலாம்.

பெயரே மறைந்துபோனதானால், கார்டைக் கழற்றி மறுபடியும் செருகிப் பார்ப்பதுதான் அடுத்த படி. காரன்டி முடிந்திருக்க வேண்டும். சார்ஜரை எடுத்திருக்க வேண்டும். பாட்டரியின் இணைப்பையும் நீக்கியிருக்க வேண்டும். உடம்பிலுள்ள நிலை மின்சாரம் போக ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், எந்தக் கம்பி எங்கே இருந்தது என்ற குழப்பம் வராது. இதற்குக் கை நடுங்குகிறவர்கள் இந்த இடத்தில் கடைக்குப் போகலாம். ஆனால் இப்போது நாம் போவது வேறு மாதிரி. 'வைஃபை வரவில்லை' என்று போகவில்லை. 'மூன்று கேள்வி முடிந்துவிட்டது, கார்டைக் கழற்றிச் செருகிப் பாருங்கள். இல்லாவிட்டால் வேறு கார்டு போட்டுப் பாருங்கள்' என்று போகிறோம். கடைக்காரர் பேசும் பேச்சே மாறிவிடும்!

புதுக் கார்டின் விலை, ரகத்துக்குத் தக்கபடி சில நூறு ரூபாயிலிருந்து இரண்டு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதற்கும் வழி இல்லாதவர்களுக்கு யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு டாங்கிள் இருக்கிறது. அழகு குறைவு, வேலை நடக்கும். போர்டிலுள்ள பள்ளமே பழுதானாலும் கூட இந்த டாங்கிள் யந்திரத்தைக் காப்பாற்றிவிடும். ஆக, வைஃபை போய்விட்டது என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் யந்திரத்தைத் தள்ள வேண்டிய அவசியம் ஏறக்குறைய எப்போதுமே இல்லை.

ஒட்டிய கார்டும் பூட்டிய கார்டும்

இவ்வளவு எளிதான விஷயத்தைக் கம்பெனிகள் சும்மா விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இராது. இரண்டு விதமாக அவர்கள் குறுக்கே நின்றார்கள்.

ஒன்று, பூட்டுப் போடுவது. ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பேட் மடிக்கணினிகளிலும், 2005-ல் அந்தத் தொழிலை லெனோவோ வாங்கிய பிறகு வந்த பல மாடல்களிலும், கம்பெனியின் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் யந்திரம் விழிக்கவே மறுத்தது. 1802 என்ற எண்ணோடு, அனுமதி பெறாத கார்டைக் கழற்றச் சொல்லித் திரையில் உத்தரவு வரும். எச்.பி. நிறுவனத்தின் பல மாடல்களிலும் இதே மாதிரி ஒரு பூட்டு இருந்தது. நம் பணத்தில் வாங்கிய யந்திரம், நம் பணத்தில் வாங்கிய கார்டு. இரண்டும் சேரக் கூடாது என்று மூன்றாம் மனிதர் தடை உத்தரவு போடுகிறார்! அண்மையில் வந்த பல மாடல்களில் இந்தப் பூட்டு தளர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால் பழைய யந்திரங்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. பூட்டும் அவற்றோடு இருக்கிறது.

இரண்டாவது, ஒட்டிவிடுவது. மெல்லிய யந்திரம் வேண்டும் என்ற மோகத்தில், கார்டு என்று தனியாக ஒன்று இல்லாமல் அதன் சில்லுகளைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். டெல் நிறுவனத்தின் எக்ஸ்.பி.எஸ். 13 வரிசையில் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்த கார்டு, 2018-ல் வந்த மாடலில் போர்டோடு ஒன்றாகிவிட்டது. இப்போது சில்லு போனால், கடைக்காரர் 'போர்டு போச்சு' என்று சொல்வது பொய் அல்ல. கம்பெனியே அதை உண்மையாக்கி வைத்திருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காய்க்காக வண்டியையே மாற்றச் சொல்கிறார்கள்.

மறு தரப்பையும் கேட்டுவிடுவோம். ரேடியோ என்பதால் அரசாங்க அங்கீகாரம் வேண்டும். கார்டும் ஏரியலும் சேர்ந்து இவ்வளவு சக்திக்கு மேல் அலை வீசக் கூடாது என்ற விதி இருக்கிறது. கண்ட கார்டையும் அனுமதித்தால் விதி மீறல் ஆகும் என்பது பூட்டுப் போட்டவர்களின் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற கார்டுகள் கடையிலேயே கிடைக்கின்றன. அவற்றை ஏன் தடுக்க வேண்டும்? அப்படிப்பட்ட பூட்டு இல்லாமலே பிற கம்பெனிகள் அதே விதிகளுக்கு உட்பட்டுத்தானே வியாபாரம் செய்தன? மெல்லியதாக வேண்டுமென்று ஜனங்கள்தானே கேட்கிறார்கள் என்பது மற்றொரு வாதம். கேட்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் 'மெல்லியதாக இருக்கும், ஆனால் இந்தச் சில்லு போனால் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும்' என்று விற்கும்போது எழுதிக் காட்டினார்களா? தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு. மேலும் 2021-ல் ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்கக் கம்பெனி, வைஃபை கார்டு உள்பட அநேகமாக எல்லாவற்றையும் வாங்கியவரே கழற்றி மாற்றும்படி ஒரு மெல்லிய மடிக்கணினியைச் செய்து, திருப்புளியையும் பெட்டியிலேயே வைத்து அனுப்பியது. முடியாது என்பது காரணம் அல்ல. மனம் இல்லை என்பதே காரணம்.

என்ன செய்ய வேண்டும்?

உலகம் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. பிரான்ஸ் தேசத்தில் 2021-ம் ஆண்டு ஜனவரி முதல், மடிக்கணினி போன்ற சில பொருள்களை விற்கும்போது, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை மார்க் என்று போட வேண்டும் என்று சட்டம் வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், கம்பெனி அனுமதித்த பாகம் தவிர வேறு பாகம் ஓடாதபடி மென்பொருளால் பூட்டுவதைக் கட்டுப்படுத்தி 2024-ல் சட்டம் செய்தது. இந்தியாவிலும் மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய 2022-ம் ஆண்டு ஜூலையில் ஒரு குழுவை நியமித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென்று ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நாலு துறைகள் அதில் சேர்க்கப்பட்டன. தொடக்கம் நல்லது. ஆனால் தளத்தில் விலாசம் இருந்தால் மட்டும் போதாது. யந்திரத்தில் திருகாணி இருக்க வேண்டும்.

நம்முடைய அரசாங்கங்களிடம் ஒரு பெரிய ஆயுதம் இருக்கிறது. லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்குகிறவர் சாமானிய வாடிக்கையாளர் அல்ல. டெண்டரில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: 'வயர்லெஸ் கார்டு தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாகவும், எந்த அங்கீகாரம் பெற்ற கார்டையும் ஏற்பதாகவும் இருக்க வேண்டும்.' அந்த ஒரு வரிக்காகக் கம்பெனிகள் மாடலையே மாற்றிக் கொடுக்கும். வாரன்டி முடிந்த பிறகும் ஏழை வீட்டு மாணவனின் யந்திரம் இன்னும் நாலு வருஷம் உழைக்கும்.

பள்ளிக்கூடங்களில் கணினி என்று ஒரு பாடம் வைத்திருக்கிறோம். அதில் மேலே சொன்ன நாலு கேள்விகளைச் சொல்லித் தர ஒரு வகுப்பு போதாதா? ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் பிள்ளைகள், வாரத்தில் ஒரு நாள் பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர்களின் யந்திரங்களைச் சோதித்துக் கொடுத்தால் இரு தரப்புக்கும் லாபம் அல்லவா? சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரிந்த தலைமுறை இது. ஒரு திருகாணிக்கு அஞ்சுவானேன்?

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோதனைக்கு இவ்வளவு கூலி என்று வெளிப்படையாகப் பலகையில் எழுதிப் போடுங்கள். எது போயிற்று என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய கார்டைத் திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர் உங்களை விட்டு வேறு கடைக்குப் போகமாட்டார். வாங்குகிறவர்களே, அந்தக் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். புத்திக்குக் கூலி கொடுக்காத ஊரில் புத்தி தங்காது.

புது மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போகும்போது நிறத்தைக் கேட்கிறோம், எடையைக் கேட்கிறோம், தள்ளுபடியைக் கேட்கிறோம். இனிமேல் இன்னும் ஒன்றையும் கேட்போம்: "இதில் வைஃபை கார்டு கழற்ற வருமா, ஒட்டியதா?" ஆயிரம் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். லட்சம் பேர் கேட்டால் கம்பெனியே பதில் சொல்லும்.